மரத்தைத் துளைக்கும் வண்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டுகளாகக் காய்த்துவரும் மாமரத்தின் அடித்தண்டில் துளைகள் தோன்றி, அவற்றிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது. ஒரு கிளையின் இலைகள் பழுத்து உதிர்கின்றன. துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார் ஒருவர். மரத்தையே வெட்டிவிடச் சொல்கிறார் மற்றொருவர். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் அடையாளங்கள் பெரும்பாலும் மாமரத் தண்டுத் துளைப்பானுடையவை. இது ஏறக்குறைய 5 செ.மீ. நீளமும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட சாம்பல் பழுப்பு நிற வண்டு. இரவில் நடமாடுவதால், விளக்கொளியைத் தேடி வந்து விழும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். ஆனால் மரத்தைக் குடைவது இதன் புழு. பட்டையின் வெடிப்புகளில் தாய் வண்டு தனித்தனியாக இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்கள், முதலில் பட்டைக்கு அடியிலும் பிறகு கட்டைக்குள்ளும் மாதக்கணக்கில் குடைந்து செல்கின்றன. இலைகள் தயாரிக்கும் உணவு பட்டையின் உட்புற அடுக்கு வழியாகவே வேருக்கு இறங்குகிறது என்பதால், அந்த அடுக்கு தண்டைச் சுற்றிலும் அறுபட்டுவிட்டால் மரம் பட்டுப்போகும்.

எல்லாத் துளைகளிலும் புழு இருக்காது. விளிம்பு சீராகவும் உட்புறம் காய்ந்தும் இருக்கும் வட்டத் துளை, வண்டு வெளியேறிவிட்ட வழியாக இருக்கலாம். மரத்தடியில் கிடக்கும் தூளை இன்று மாலை சுத்தமாகப் பெருக்கிவிட்டு ஒரு வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் ஈரமான, நார்நாரான புதுத் தூள் எந்தத் துளைக்கு நேர்கீழே விழுந்திருக்கிறதோ, அதில்தான் உங்களுக்கு வேலை. பட்டையின் மேல் தூளும் எச்சமும் நூலாம்படை போலப் பின்னிப் படர்ந்திருந்தால் அது பட்டையைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழு. மண்பூச்சு தென்பட்டால் கரையான். இவ்விரண்டுக்கும் வைத்தியம் வேறு.

புழு இருக்கும் துளையின் வாயைச் சிறிய உளியால் சற்றே அகலப்படுத்தி, முனை வளைத்த மிதிவண்டிச் சக்கரக் கம்பியை உள்ளே செலுத்திச் சுழற்றி இழுங்கள். விரல் நீளத்துக்கு, கால்களில்லாத, கருத்த தலையுடைய வெளிறிய புழு கொக்கியில் சிக்கி வரும். நைந்துபோய் வெண்மையான கூழ் மட்டும் ஒட்டி வந்தாலும் காரியம் முடிந்தது என்றே கொள்ளலாம். கம்பி எட்டாத ஆழத்தில் இருந்தால், வேளாண்மைத் துறை மாமரத்துக்குப் பரிந்துரைக்கும் பூச்சிக்கொல்லியில் நனைத்த பஞ்சைத் திணித்து, குழைத்த களிமண்ணால் துளையை அடைக்க வேண்டும். மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடியும்வரை பழங்களைப் பறிக்கக் கூடாது. இலைகளின் மேல் மருந்து தெளிப்பது கட்டைக்குள் இருக்கும் புழுவை எட்டாது. பூக்கும் பருவத்தில் தெளித்தால் தேனீக்கள்தான் மடியும். மண்ணெண்ணெயோ, துளையைச் சுற்றியுள்ள உயிருள்ள திசுவையும் சேர்த்தே கருக்கிவிடும்.

உலர்ந்த கிளையை நல்ல கட்டை தெரியும் இடம்வரை அறுத்து நீக்கிவிடுங்கள். அடித்தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை செத்திருந்தாலோ, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் மரம் வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தாலோ மட்டுமே வெட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: புதிதாக நட்ட மரத்தில் குண்டூசி குத்தியது போன்ற துளைகள் உள்ளன, அவற்றிலிருந்து மரத்தூள் மெல்லிய குச்சிகளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தைவிட மண்வெட்டிதான் இங்கு முதலில் தேவை. இது ஒருவகைச் சிற்றுருவ வண்டின் வேலை. இவ்வண்டு கட்டையைத் தின்பதில்லை; தான் குடைந்த சுரங்கத்தின் சுவரில் பூஞ்சையை வளர்த்து, அதையே தானும் உண்டு குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது (ஒரு பூச்சி செய்யும் விவசாயம் என்று இதை வியக்கலாம், நம் மரத்தில் செய்யாதவரை). வாடிய மரம் வெளிவிடும் சாராய வாடையே இதனை இழுக்கிறது என்பதால், மரம் ஏன் வாடியது என்பதைக் கண்டறியுங்கள். வேரில் நீர் தேங்குகிறதா, தண்டின் கழுத்து மண்ணில் புதையும் அளவுக்கு ஆழமாக நட்டுவிட்டீர்களா, புல்வெட்டும் கருவி பட்டையைக் கீறியதா என்று பாருங்கள்.

கேள்வி: துளைப்பான் தாக்கிய கிளைகளை வெட்டி விறகாக அடுக்கி வைத்துள்ளோம். வீட்டுக் கதவு, ஜன்னல்களுக்கு இந்தப் புழு பரவுமா?

பதில்: பரவாது. உலர்ந்த கதவு மரத்தை மாவாக்குவது வேறு வகை வண்டு. எனினும், வெட்டிய கட்டைக்குள் இருக்கும் புழு அங்கேயே வளர்ந்து வண்டாகி, அருகிலுள்ள மரங்களுக்குப் பறந்துவிடக்கூடும். ஆகவே அந்த விறகை அடுக்கி வைக்காமல் உடனே பிளந்து எரித்துவிடுங்கள். வேறு ஊருக்கும் அனுப்பாதீர்கள்.