ஜேர்மனியில் ஒரு செமஸ்டர்: 15 இலட்சம் கடன் வேண்டுமா?

கேள்வி: மகள் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை ஜேர்மனிக்குத் தெரிவாகியிருக்கிறார். மாதம் 900 யூரோவும் பயணப்படியும் தருவார்களாம். நவகிரிக் கண்டத்தில் 4 ஏக்கர் வேளாண்மை, 3 இலட்சம் நிலையான வைப்பு, மனைவியின் நகை 8 பவுண். இவ்வளவுதான் எங்கள் கையிருப்பு. 15 இலட்சம் வங்கிக்கடன் எடுக்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார். எடுக்கலாமா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: வேண்டாம். உங்களுக்கு உள்ள சிக்கல் பணம் போதாது என்பதல்ல, பணம் பிந்தி வரும் என்பது. எராஸ்மஸ் உதவித்தொகையின் முதல் தவணை, அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாகி 30 நாளுக்குள், அல்லது மகள் அங்கே போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகு வரும். அதுவும் முழுத்தொகையாக இராமல் 70 சதவீதமாக இருக்கலாம். மீதி படிப்பு முடிந்து அறிக்கை கொடுத்த பிறகுதான். இந்த இடைவெளிக்குப் பாலம் போட்டால் போதும்.

கணக்குக்கு ஒரு யூரோவை 350 ரூபா என்று வைப்போம். டிக்கெட் 2,80,000. நீண்டகால விசா 75 யூரோ, அதாவது 26,250 ரூபா. ஐரோப்பிய ஒன்றியப் புலமைப்பரிசில் என்பதால் கட்டண விலக்கு உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். அறை முற்பணம், முதல் வாடகை, காப்புறுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் கையில் 1,000 யூரோ, அதாவது 3,50,000. மொழிபெயர்ப்பு, கொழும்புப் பயணங்களுக்கு 50,000.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று இருக்கிறது. ஜேர்மன் மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் இருப்பது 900. மாதம் 92 குறைகிறது, ஐந்து மாதத்துக்கு 460 யூரோ. இந்தக் குறையை முடக்கக் கணக்கில் (blocked account, மாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டச் சொல்வார்கள். ரூபாவில் 1,61,000. இது செலவல்ல, மாதம் மாதம் மகளுக்கே திரும்பி வரும். ஆனால் நேர்காணலுக்கு முன் கட்டாவிட்டால் விசா இழுபடும், ஒக்டோபர் தவறிவிடும். “கணக்கில் நாலு நாள் காசு போட்டுக் காட்டித் தருகிறோம்” என்று முகவர் யாரும் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மொத்தம் ஏறத்தாழ 8,70,000 ரூபா. வைப்பை உடைக்காமல் அதன்மேல் கடன் எடுத்தால் சுமார் 2,50,000 கிடைக்கும், வட்டியும் நகைக்கடனைவிடப் பெரும்பாலும் குறைவு. சிறுபோக அறுவடைக் காசில் 2 இலட்சம் ஒதுக்குங்கள். ஒக்டோபரில் பெரும்போக விதைப்பும் வருகிறது, விதைநெல்லுக்கும் உழவுக்கும் வைத்த காசில் கைவைக்க வேண்டாம். மிச்சம் 4 இலட்சத்துச் சொச்சம். அதற்கு மட்டும் நகையை அடகு வையுங்கள், தனியார் கடையில் அல்ல, வங்கியில்.

ஏன் 4 இலட்சத்தோடு நிறுத்தச் சொல்கிறேன்? மாதம் 900இல் வாடகை 350, மாணவர் மருத்துவக் காப்புறுதி 140க்கு மேல், சாப்பாடு, பயணம் என்று 850 போய்விடும். அதிலிருந்து கடன் கட்டலாம் என்று நினைத்தால் பிள்ளைதான் அங்கே பட்டினி கிடக்கும். கடனை மீட்கக்கூடிய காசு பயணப்படி ஒன்றுதான். அது டிக்கெட் விலையைப் பார்த்துத் தருவதல்ல, தூரத்தைப் பார்த்துத் தருவது: 4,000 முதல் 7,999 கிலோமீற்றர் வரை 1,188 யூரோ, 8,000 தாண்டினால் 1,735. மட்டக்களப்பிலிருந்து ஜேர்மனி அந்த எல்லையிலேயே கிடக்கிறது. எந்த நகரம் என்பதைப் பொறுத்து 547 யூரோ மாறும். ஐரோப்பிய ஆணைக்குழுவின் தூரக் கணிப்பானில் மகள் இன்றே பார்க்கட்டும். குறைந்தது என்றாலும் 4,15,800 ரூபா. அடகு அதைத் தாண்டக் கூடாது.

முதல் தவணை வந்ததும் நவம்பரில் ஒரு பகுதியைக் கட்டி மீட்டு, மிச்சத்தை இறுதித் தவணை வந்த பிறகு மீட்கலாம். அது பிந்தினால் பெரும்போக அறுவடை இருக்கிறது. இதற்கிடையில் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: பயணப்படியை முன்கூட்டித் தர முடியுமா, டிக்கெட்டை நீங்களே எடுத்துத் தருவீர்களா? சில இடங்களில் செய்கிறார்கள். கிடைத்தால் அடகு வைக்கும் தொகை வெகுவாகக் குறையும்.

மகள் மகாபொல புலமைப்பரிசில் பெறுபவராக இருந்தால் அந்த ஐந்து மாதமும் அது வராது என்றே கணக்குப் போடுங்கள், வகுப்புக்குச் சமுகமளிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மாணவர் விவகாரப் பிரிவில் புறப்படும் முன் எழுத்தில் பதில் வாங்குங்கள். கற்பிப்புக் கட்டணம் அங்கே கிடையாது, மாணவர் சங்கக் கட்டணம் போன்ற சில்லறைத் தொகைகள் வரலாம்.

காசைவிடப் பெரிய நட்டம் வேறு வழியாக வரும். அங்கே படிக்கும் பாடங்களை இங்குள்ள பீடம் ஏற்காவிட்டால் மகள் ஒரு செமஸ்டர் பின்தங்குவார். அங்கே படிக்கப்போகும் பாடங்களைக் குறிக்கும் கற்றல் ஒப்பந்தத்தில் (Learning Agreement) மகள், இங்குள்ள பல்கலைக்கழகம், அங்குள்ள பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று அதில் ஒவ்வொன்றாக இருக்கட்டும். போனபின் பாடம் மாறினால், மாறிய வாரமே திருத்தத்தில் மூன்று கையெழுத்தும் வாங்க வேண்டும். திரும்பும் நாளில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை அங்கே படித்தார் என்று அங்குள்ள பல்கலைக்கழகம் தரும் வருகைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதிலுள்ள திகதிகளை வைத்துத்தான் கடைசித் தவணையைக் கணக்கிடுவார்கள், பத்து நாள் முன்னதாக வந்தால் பத்து நாள் காசு குறையும்.