முற்றத்துக் கூரை ஒழுகினால் முதலில் எங்கே பார்ப்பது?

கேள்வி: கடலூரில், பொதுச்சுவரோடு வரிசையாகக் கட்டிய 36 வீடுகள் உள்ள குடியிருப்பில் வசிக்கிறோம். நடு முற்றத்துக்கு மேலே 10 அடிக்கு 7 அடி அளவில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பில்டரே பாலிகார்பனேட் ஷீட் போட்டுக் கொடுத்தார். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு அது ஒழுகுகிறது. இரண்டு முறை சிலிக்கான் அடைத்தும் நிற்கவில்லை. எனக்குக் கண்ணாடி போட ஆசை. காங்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்கிறான் மகன். எல்லா வீட்டிலும் ஒரே நிற ஷீட்தான் இருக்க வேண்டும் என்கிறது நலச்சங்கம். அனுமதி வாங்க வேண்டுமா? செலவு யாருடையது? எதைப் போடுவது?

பதில்: அம்மா, மூடிவிட மட்டும் சம்மதிக்காதீர்கள். இரு பக்கமும் பொதுச்சுவர் உள்ள வீட்டில் நடுப்பகுதிக்கு வெளிச்சம் தருவது அந்த முற்றம் ஒன்றுதான். மூடினால் பகல் பதினோரு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கும். காங்கிரீட்டின் பாரத்தைத் தாங்கும்படி சுற்றியுள்ள உத்தரங்கள் கட்டப்பட்டிருக்கின்றனவா என்ற கேள்வி வேறு இருக்கிறது.

எதைப் போடுவது என்று முடிவு செய்யுமுன், தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் இதே புகாருக்காக மாடி ஏறினேன். ஷீட் பழுத்து மஞ்சளாகியிருந்தாலும் எங்கும் உடையவில்லை. ஸ்க்ரூவின் தலையை விரலால் தொட்டதும் துரு பொருக்காக உதிர்ந்தது. அதன் அடியில் இருந்த ரப்பர் வாஷர் காய்ந்த புளியந்தோடு போல நொறுங்கியது. துளையைச் சுற்றி நட்சத்திரம் போல நான்கு கீறல்கள். ஷீட் உட்காரும் கட்டைச்சுவரோ தளத்திலிருந்து நான்கு விரற்கடை உயரம்தான். வடிகால் அடைத்துக்கொண்ட ஒரு மழையில் மாடித் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. அந்த வீட்டில் புது ஷீட் வாங்கிப் போட்டிருந்தாலும் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில்தான் ஒழுகியிருக்கும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். மழையில்லாத நாளில் ஹோஸ் குழாயைக் கொண்டு முதலில் கட்டைச்சுவரின் அடியில் மட்டும் கால்மணி நேரம் தண்ணீர் விடுங்கள். கீழே ஒருவர் நின்று பார்க்கட்டும். ஒழுகவில்லை என்றால் ஷீட்டின் கீழ் ஓரம், பிறகு பக்கங்கள், கடைசியாக மேல் ஓரம் என்று ஏறிப் போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், ஓட்டை எங்கே என்று தெரியாது. கட்டைச்சுவரின் அடியிலேயே ஒழுகினால் கோளாறு கூரையில் இல்லை. தட்டோட்டுத் தளமும் சுவரும் சேரும் மூட்டில் இருக்கிறது.

சிலிக்கான் நிற்காததற்கும் காரணம் உண்டு. கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காடி வாடை அடிக்கும் ரகம். அது சிமெண்டில் சரியாக ஒட்டாது, இரும்பை அரிக்கும், பாலிகார்பனேட்டில் மயிரிழைக் கீறல்களை உண்டாக்கும். நியூட்ரல் என்று எழுதிய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதையும் மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வெயிலில் 10 அடி பாலிகார்பனேட் ஷீட் இரவுக்கும் நடுப்பகலுக்கும் இடையே ஏறக்குறைய 8 மி.மீ. நீண்டு சுருங்கும். துளை ஸ்க்ரூவின் அளவுக்கே இருந்தால் ஷீட் அசைய இடமின்றித் துளையைச் சுற்றித்தான் விரிசல் விடும். துளை பெரிதாகவும், மேலே அகலமான வாஷர் மூடியும் இருக்க வேண்டும். உப்புக் காற்று அடிக்கும் ஊர் என்பதால் 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் முழு வேலையில் அது மிகச் சிறிய தொகை.

ஷீட்டையே மீண்டும் போடுவதானால் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பெரும்பாலான ஷீட்களில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எது மேல்பக்கம் என்று பாதுகாப்புப் படலத்தில் அச்சிட்டிருப்பார்கள். வேலையாட்கள் படலத்தைக் கீழேயே உரித்துவிட்டு மேலே தூக்கிக்கொண்டு போனால், திருப்பிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கிய பிறகுதான் தெரியவரும்.

கண்ணாடி நல்ல ஆசைதான். ஆனால் தலைக்கு மேலே வெறும் டஃபண்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி ஒருபோதும் கூடாது. அது உடைந்தால் மொத்தமும் சில்லுகளாகக் கீழே கொட்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் ஒட்டிய லேமினேட்டட் ரகம் உடைந்தாலும் சில்லுகள் அந்தப் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எடையையும் பாருங்கள். 3 மி.மீ. ஷீட் உங்கள் முற்றத்துக்கு 25 கிலோகூட வராது. 6 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்த லேமினேட்டட் 200 கிலோ வரும். இப்போதுள்ள இரும்புச் சட்டம் அதைத் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே அழுத்தும் எடையைவிட, புயல் மேலே இழுக்கும் விசைதான் எனக்குக் கவலை தருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையேறியது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை நம் கடற்கரைக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்று வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. உங்கள் கூரை முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு டன் அளவுக்கு வரும். ஆகவே சட்டத்தைக் கட்டைச்சுவரில் அரைகுறையாக ஆணி அடித்து நிறுத்தக் கூடாது. காங்கிரீட் வரை இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். இந்தக் கணக்கைச் சட்டம் செய்து தரும் ஃபேப்ரிகேட்டரிடம் விடாமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள்.

எதைப் போட்டாலும் கட்டைச்சுவரை ஓர் அடி உயர்த்துங்கள். தளத்தின் நீர்க்காப்புப் பூச்சு அதன் உச்சி வரை ஏறட்டும். 7 அடி அகலத்துக்கு ஒன்றேகால் அடி சரிவு கொடுங்கள்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் கடலூரில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். தெளிந்த கண்ணாடி போட்டால் முற்றம் அடுப்பாகிவிடும். நடுவில் உள்ள படலத்தைப் பால் வெள்ளையில் கேளுங்கள். உயர்த்திய பகுதியின் பக்கங்களில் மூடித் திறக்கும் லூவரும் (சாய்ந்த பட்டைகள்) கொசு வலையும் வைத்தால் சூடான காற்று வெளியேறும். பழைய முற்றங்கள் வீட்டைக் குளிர்வித்தது அப்படித்தான்.

இனி சங்கம். கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை சொல்லி மனையே உங்கள் பெயரில் தனியாக இருந்தால் கூரை உங்களுடையது, செலவும் உங்களுடையது. நிறம், உயரம், வெளித்தோற்றம் பற்றித் துணை விதிகளில் எழுதியிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் சங்கம் தலையிடலாம். மனையில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் ஒரு பாகம், என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடியைப் பொது இடங்களில் சேர்க்கிறது. அப்போது அனுமதி கட்டாயம். செலவில் சங்கத்துக்குப் பங்கு உண்டா என்றும் நீங்கள் கேட்கலாம். அதே சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. சமீபத்தில் குடிவந்தவர்கள் இதைக் கைவிட வேண்டாம்.

பத்திரம் எப்படி இருந்தாலும் எழுதியே கேளுங்கள். செயலாளரிடம் வாசலில் நின்று பேசிய சம்மதம் அடுத்த நிர்வாகக் குழு வந்ததும் செல்லாது. விண்ணப்பத்தோடு வரைபடம், பொறியாளரின் கையெழுத்து, வேலை நடக்கும் நாட்கள் ஆகியவற்றைச் சேருங்கள். பொதுச்சுவரை ஒட்டிய மூட்டில் பின்னாளில் ஓதம் வந்தால் யார் பொறுப்பு என்ற ஒரு வரியையும் சேருங்கள். அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால்தான். ஒரே நிறம் என்று சங்கம் பிடிவாதமாக இருந்தால், லேமினேட்டட் கண்ணாடியின் படலம் அந்த நிறத்திலும் கிடைக்கிறதா என்று விசாரித்து, மாதிரித் துண்டு ஒன்றைப் பொதுக்குழுவில் காட்டுங்கள்.

பழையதைக் கழற்றுமுன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் புயல் சேதத்துக்கு அது தேவைப்படும். வேலையைப் பொங்கல் கழிந்ததும் தொடங்கி, வெயில் உச்சத்துக்குப் போகுமுன் முடித்துவிடுங்கள். ஒப்பந்தத்தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். மேலே சொன்ன ஹோஸ் சோதனையை ஒப்பந்தக்காரர் முன்னிலையில் மறுபடி செய்து, முற்றத்துத் தரை காய்ந்தே இருப்பதைப் பார்த்த பிறகு அதைக் கொடுங்கள்.