கேட்காமல் வந்த ஆப்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே செல்போன் சேவை தரும் கம்பெனியிடமே தவணையில் வாங்கிய போனை, வேறு கம்பெனி சிம்மும் போடும்படி லாக் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். நம் ஊர் சிம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நான் தொடாத விளையாட்டுகளும் ஷாப்பிங் ஆப்களும் ஏராளம். சிலவற்றை நீக்கினாலும் அப்டேட் வந்ததும் திரும்ப வந்துவிடுகின்றன. சிலவற்றில் நீக்கும் பட்டனே இல்லை. 32 ஜிபி போன். காயவைத்த மிளகைப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்பப் போனால் ‘இடமில்லை’ என்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: அம்மா, திரும்பத் திரும்ப வருகிறது என்றீர்களே, முதலில் அதை நிறுத்துவோம். அமெரிக்கக் கம்பெனிகள் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில், மற்ற ஆப்களைக் கொண்டுவந்து இறக்குவதற்கென்றே ஓர் ஆப் ஒளிந்திருக்கும். ‘ஆப் செலக்டர்’, ‘மொபைல் சர்வீசஸ் மேனேஜர்’ என்பதுபோல் பெயர் இருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அதைத் தேடி ‘டிஸேபிள்’ கொடுங்கள். அதை விட்டுவிட்டு மற்றதை நீக்குவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரிதான்.

அப்புறம், அன்இன்ஸ்டால் பட்டன் உள்ளதையெல்லாம் தயங்காமல் நீக்குங்கள். பட்டன் இல்லாதவை போனின் சிஸ்டம் பகுதியில் பதிக்கப்பட்டவை; அந்தப் பகுதியில் நம்மால் கைவைக்க முடியாது. அவற்றில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ கொடுத்து, ‘ஸ்டோரேஜ்’ உள்ளே போய் டேட்டாவை அழித்து, கடைசியாக டிஸேபிள் செய்யுங்கள். ஆப் இயங்காது, அப்டேட்டும் ஆகாது. ஆனால் அதன் மூலப்பிரதி பிடித்திருக்கும் இடம் திரும்பக் கிடைக்காது. காசு கொடுத்து வாங்கிய போனில் இது நியாயமே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தென் கொரியாவில் 2014-லேயே, தேவையில்லாத ஆப்களைப் பயனரே நீக்க வழிவிட வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்தது.

டிஸேபிள் பட்டனும் மங்கலாக இருந்தால் கம்ப்யூட்டர் வேண்டும். செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, ஏடிபி என்ற கருவி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்புவது) வழியாக அந்த ஆப்பை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ரூட் செய்ய, அதாவது போனின் சிஸ்டம் பூட்டை உடைக்கத் தேவையில்லை. ஆனால் ஃபேக்டரி ரீசெட் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல் ஆக்கினால், எல்லாம் திரும்ப வந்துவிடும். இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கு இறங்கும் நாளில் நல்ல சர்வீஸ் கடையில் கொடுத்தும் செய்யலாம்.

பெயர் புரியாத எதையும் தொடாதீர்கள். அஸ்தம்பட்டியில் என் அம்மாவின் போனைச் சுத்தம் செய்தபோது ‘சிஸ்டம் வெப்வியூ’ (மற்ற ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதி) என்பதை வேண்டாததென்று நினைத்து டிஸேபிள் செய்துவிட்டேன். பேங்க் ஆப், கேஸ் புக்கிங் ஆப் இரண்டும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. காரணம் பிடிபட அரை நாள் ஆனது. கூகுள் ப்ளே சர்வீசஸ், கீபோர்டு, போன், மெசேஜ் இவையும் அப்படியே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் சில பேங்க் ஆப்கள் திறக்காது. இவ்வளவுக்குப் பிறகும் மிளகுப் படத்துக்கு இடமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் சேர்ந்த வீடியோக்களைப் பாருங்கள். பெரும்பாலும் பாதி இடம் அங்கேதான் இருக்கும்.