ஏழு வார்த்தை, ஐந்து ஊழியர்

அன்புள்ள ஐயா,

நெல்லைக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஏழு சபைகள். அவற்றின் ஊழியர்கள் ஏழு பேரும் மூன்று ஆண்டுகளுக்கு முன் போதகர் ஐக்கியம் ஒன்று தொடங்கினார்கள். நான் செயலாளர். முதல் ஆண்டு பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரத் தியானத்தில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். ஊரே வந்தது. மறு ஆண்டு பிளக்ஸில் யார் பெயர் முதலில் என்று தகராறு. பிறகு ஒருவர் சபையிலிருந்து நான்கு குடும்பங்கள் இன்னொருவர் சபைக்குப் போனதால் 'ஆட்டுத் திருட்டு' என்று பேச்சு. இந்த ஆண்டு இரண்டு பேர் விலகிவிட்டார்கள். ஐந்து பேரை வைத்து ஒப்பேற்றினோம். மக்கள் இன்னும் ஒற்றுமைக்குத் தயாராகவில்லை என்று தோன்றுகிறது. பொறுப்பில் நீடிப்பதா, விலகுவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் தரங்கம்பாடி அறிக்கையை, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் எழுதியதை, திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். பிளக்ஸ் தகராறுக்கெல்லாம் நான் பதில் எழுதுகிறவன் அல்ல. பெயர்களை அகரவரிசையில் போடுங்கள், தீர்ந்தது. நான்கு குடும்பங்கள் வேலி தாண்டிப் போனதற்குத் திருட்டு என்று பெயர் வைக்குமுன், இந்தப் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் இருந்ததா என்று அந்த ஊழியரை ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைச் சீண்டியது வேறொரு வரி. 'மக்கள் தயாராகவில்லை.' மேய்ப்பர்கள் பெயர்ப் பலகைக்கு அடித்துக்கொண்டதை நான்கு வரி எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில் பழியை மந்தையின் தலையில் போடுகிறீர்களே, கூச்சமாக இல்லையா? ஊரே வந்தது என்று எழுதியதும் நீங்கள்தானே? பெந்தெகொஸ்தே வீட்டுத் துக்கத்துக்குச் சி.எஸ்.ஐ. வீட்டிலிருந்து நாற்காலி போகவில்லையா? அசன விருந்துக்கு யார் எந்தச் சபை என்று பார்த்தா உங்கள் ஊரில் இலை போடுகிறார்கள்?

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் கூடியவர்கள் 33 பேர். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். அந்த இருவரில் ஒருவர் பாப்லி, பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கூட்டத்தின் உயிர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. அப்போது தோர்ணக்கல்லில் பேராயர். இந்தப் பிரிவினைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றை நீட்டிக்க எங்களுக்கு விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் என்றோ நடந்த பாகப்பிரிவினைக்கு ஈரோட்டிலும் மதுரையிலும் எதற்கு வேலி என்பதுதான் கேள்வி. ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய ஊர் அது, அவர் வழிவந்த லுத்தரன் சபையாரின் தாய்வீடு. ஆனால் அங்கே தொடங்கிய இணைப்பில் லுத்தரன்கள் சேரவில்லை. வீட்டுக்காரர் இல்லாமல் அவர் திண்ணையில் பேசி முடித்த சம்பந்தம்.

என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆச்சி நாகர்கோவில் பக்கம், லண்டன் மிஷன் குடும்பம். அவர்களுக்குப் பேராயர் கிடையாது. இராப்போஜனம், அதாவது நற்கருணை, என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அப்பமும் திராட்சரசமும் இருந்த இடத்துக்கு வரும். 1936இல் நெல்லைச் சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இங்கே ஆங்கிலிக்கன் கோயில், இங்கிலாந்துத் திருச்சபை வழி. பீடத்தின் முன் முழங்காலிட வேண்டும், ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும். அதற்குமுன் பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தியிருக்க வேண்டும். ஆச்சிக்கு அது இல்லை. பிறந்த வீட்டில் பத்தொன்பது வயதிலேயே இராப்போஜனம் எடுத்தவள். 'நீ திடப்படுத்தல் எடுத்துக்கொள்' என்று தாத்தா கெஞ்சியிருக்கிறார். 'அப்படியானால் எங்கள் ஊரில் நான் எடுத்தது என்ன, பலகாரமா?' என்று கேட்டாளாம். பிடிவாதக்காரி.

பதினோரு ஆண்டுகள். நற்கருணை ஞாயிறுகளில் வரிசையாக எல்லோரும் எழுந்து போவார்கள். ஆச்சி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கு வழிவிட முழங்காலை ஒதுக்கிக்கொள்வாள். அதைச் சொல்லும்போது எண்பது வயதிலும் சேலையை இழுத்து முழங்காலை ஒரு பக்கம் ஒதுக்கிக் காட்டுவாள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன்களும் லண்டன் மிஷன் வழியார் உள்ளிட்ட மற்றவர்களும் இணைந்து, தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. தரங்கம்பாடியிலிருந்து 28 ஆண்டுகள். அசரியா 1945 புத்தாண்டு நாளிலேயே போய்விட்டார். இத்தனை ஆண்டுகள் எதைப் பேசினார்கள் என்கிறீர்கள்? பெரும்பகுதி ஒரே சிக்கல்தான். பேராயர் கைவைக்காமல் குருவானவர்கள் ஆனவர்களை என்ன செய்வது? மறுபடி கைவைத்தால் இத்தனை நாள் அவர்கள் கொடுத்த அப்பம் வெறும் அப்பம் என்று ஆகிவிடும். ஆச்சி கேட்ட பலகாரக் கேள்விதான். கடைசியில், இருக்கிறவர்களை இருக்கிறபடியே ஏற்பது, இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர்களே அபிஷேகம் செய்வது என்று முடிவாயிற்று. ஆங்கிலிக்கன்கள் தாங்கள் உயிராகப் பிடித்திருந்த ஒன்றை விட்டார்கள். மற்றவர்கள் தாங்கள் வேண்டாம் என்று ஓடிவந்த பேராயரை ஏற்றார்கள். அன்றே ஒன்பது புதுப் பேராயர்கள். மதுரைக்கு வந்த நியூபிகின் பேராயரே இல்லாத ஸ்காட்லாந்துச் சபைக்காரர். இதற்காக இங்கிலாந்துத் திருச்சபை பல ஆண்டுகள் முழு உறவு கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. 1943இலேயே டி. எஸ். எலியட் லண்டனில் உட்கார்ந்து இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார். அவர் கவிதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சிறுநூல் நினைவுக்கு வரும்போதெல்லாம் ஆச்சியின் முழங்கால்தான் முன்னால் வருகிறது.

இதைத்தான் உங்கள் ஐக்கியத்திடம் கேட்கிறேன். ஏழு பேரும் எதை விட்டுக்கொடுத்தார்கள்? ஒரு மேடை, ஒரு மைக், ஆளுக்கு இருபது நிமிடம். மேடையில் நிற்க எதையும் விட வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் அப்பம் வாங்கியதுண்டா? ஒருவர் கொடுத்த ஞானஸ்நானத்தை மற்றவர் செல்லும் என்று சொல்லியிருக்கிறாரா, அல்லது வருகிறவர்களை மறுபடி ஆற்றில் இறக்குகிறாரா? ஏழு பேரையும் உட்காரவைத்து இதைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் மூன்றாகலாம். ஆகட்டும்.

அறிக்கைக்காரர்கள்மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்றார்கள். மிஷன் வேலிகளுக்கு அது சரி. இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நடுச்சுவருக்கு எந்த வெள்ளைக்காரனும் செங்கல் கொண்டுவரவில்லை. உங்கள் கடிதத்தில் ஏழு சபைகளை எண்ணியிருக்கிறீர்கள். எந்தச் சபையில் எந்தத் தெரு என்று எண்ணவில்லை. ஊரில் இருக்கிறவர், தெரியாமலா இருக்கும்?

ஆச்சி 1947 கிறிஸ்துமஸுக்குத்தான் முதல்முறை பீடத்துக்குப் போனாள். கையை எப்படி வைப்பது என்று தெரியவில்லை; பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அண்டைவீட்டுக்காரி இடது கையின்மேல் வலது கையை எடுத்து வைத்துவிட்டாளாம். அந்த அண்டைவீட்டுக்காரி எந்த அறிக்கையையும் படித்தவள் அல்ல. 'எப்படி இருந்தது ஆச்சி' என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். 'புளிப்பு' என்றாள்.

நீங்கள் கேட்டது பொறுப்பைப் பற்றி அல்லவா? விலகாதீர்கள். இன்னொன்று. ஐந்து பேர் ஏழு வார்த்தைகளை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று எழுதவில்லையே. 'தாகமாயிருக்கிறேன்' யாருக்கு வந்தது?