சூரியன் எந்தப் பக்கம் இருந்தது?

கேள்வி: விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைக்கும்போதெல்லாம் மேகங்களைப் படம் எடுக்கிறேன். கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிவது படத்தில் நீலம் பூத்து அழுது வடிகிறது. பளபளப்பைக் குறைக்குமே என்று லென்ஸில் போலரைசிங் ஃபில்டர் மாட்டிப் பார்த்தேன். மேகத்தின் மேல் வானவில் கோடுகள் விழுந்ததுதான் மிச்சம். மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். அப்புறம் இதே படங்களை அதிக விலையுள்ள கேமராவில் எடுக்கலாம்.

முதல் படத்தில் மேகத்தைவிடத் தெளிவாகத் தெரிவது உங்கள் கட்டம் போட்ட சட்டை. தலைக்கு மேல் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸை ஜன்னலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்திருந்தால் சட்டை காணாமல் போயிருக்கும். ஒட்டி அழுத்திவிடாதீர்கள், விமானத்தின் அதிர்வு அப்படியே கேமராவுக்குள் இறங்கும்.

இரண்டாவது, அந்த வானவில் படம். ஜன்னலில் இருப்பது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். பெரும்பாலும் மூன்று அடுக்கு: வெளி அடுக்கு அழுத்தத்தைத் தாங்குகிறது, நடு அடுக்கில் ஊசித் துளை போல ஒரு சின்ன ஓட்டை, உள் அடுக்கு நம் கையும் தலையும் படுவதற்கு. இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வழியே வரும் ஒளியை போலரைசிங் ஃபில்டர் வண்ணக் கோடுகளாகக் காட்டிவிடும். பொறியாளர்கள் ஒரு பாகத்தில் அழுத்தம் எங்கே குவிகிறது என்று பார்க்க இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, நீங்கள் எடுத்தது ஜன்னலின் படம். நல்ல படம்தான். ஃபில்டரைத் தரையில் எடுக்கும் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதில் மேகம் அழுக்குத் துணி நிறத்தில் இருக்கிறது. வெள்ளை நிறைந்த காட்சியைக் கண்டால் கேமரா மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, +0.7, மிஞ்சிப்போனால் +1 ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் மேகத்தின் மடிப்புகள் வெளுத்துவிடும்.

நீலம் பூத்ததற்குக் கேமரா பொறுப்பில்லை. சாதாரணப் பஞ்சு மேகத்தின் அடி 1, 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நீங்கள் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் உட்கார்ந்து, இடையில் இருக்கும் அத்தனை காற்றின் வழியாகப் பார்க்கிறீர்கள். வானத்தை நீலமாக்கும் அதே காற்று படத்தையும் நீலமாக்குகிறது. மேகம் பக்கத்தில் வருவது விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். உங்கள் மூன்று படங்களும் சாப்பாட்டு டிரே மடக்காத நேரத்தில் எடுத்தவை. ஓரத்தில் டிரே தெரிகிறது. (கேமராவை உள்ளே வைக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுங்கள்.) இடிமேகம் இதற்கு விலக்கு. அது நீங்கள் பறக்கும் உயரத்துக்கே வந்து, சில சமயம் அதையும் தாண்டி நிற்கும்.

இவ்வளவு எழுதிய நீங்கள், சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். நானும் ஒருமுறை வெயில் பக்கம் உட்கார்ந்து, ஒரு முழுப் பயணத்தையும் ஜன்னல் கீறல்களைப் படம் எடுப்பதில் செலவிட்டவன்தான். வெயில் நேராக விழுந்தால் ஒவ்வொரு கீறலும் மின்னும், ஆட்டோஃபோகஸும் அதைத்தான் போய்ப் பிடிக்கும். காலையில் வடக்கே போகிறீர்களா, சூரியன் வலப்பக்கம். இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னால் என்றால் எஞ்சினின் வெப்பக் காற்று காட்சியைக் கலக்கும்.

நிழல் பக்கம் உட்காருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழே மேகப் பரப்பில் விமானத்தின் நிழல் விழும் இடத்தைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். 'குளோரி' என்பார்கள். மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வருவது. 1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் இருந்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இதைப் பார்த்துச் சொக்கிப்போய், பிறகு தன் ஆய்வகத்துக்குள்ளேயே மேகம் உண்டாக்க முயன்றார். அது கடைசியில் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாகி, 1927இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. அவர் புதுக் கேமரா கேட்டு யாருக்கும் எழுதியதாகத் தெரியவில்லை.

வளையங்களின் மையம் எப்போதும் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர் எதிரே, சூரியனுக்கு மறுபுறம் விழும். விமானத்தின் நிழலும் சேர்ந்து தெரிந்தால், நிழலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் மையம் இருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நீங்கள் மூக்குப் பக்கம் இருந்தீர்களா, வால் பக்கம் இருந்தீர்களா என்று நான் பதில் எழுதுகிறேன்.