அப்பளக் கணக்கு

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்திலிருந்து டெக்சாஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது. நான்காம் வகுப்பில் இருக்கும் மகள் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியையிடம் போய்ப் பேசினால் தவறாக நினைப்பார்களா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நினைக்க மாட்டார்கள் தம்பி. பேசாமல் இருந்தால்தான் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். எங்கள் அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு வந்தது இரண்டே முறை: சேர்க்க ஒரு முறை, டி.சி. வாங்க ஒரு முறை. வாத்தியாரிடம் கேள்வி கேட்பது அவருக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அந்தப் பயபக்தியை நானும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, "மற்ற பிள்ளைகளுக்கு நன்றாக உதவுகிறாள்" என்று ஆசிரியை சொல்ல, பூரித்துப்போய் வீடு திரும்பினேன். சொந்தமாகக் கற்க எதுவும் இல்லாததால்தான் அந்த உதவி என்பது பிறகே உறைத்தது. ஒரு வருடம் வீண்.

மறுவருடம் "என் மகள் கெட்டிக்காரி" என்று தொடங்கினேன். எடுபடவில்லை. அந்த நாற்காலியில் உட்காரும் எல்லாப் பெற்றோரும் சொல்வதுதானே அது!

அந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா மாடியில் அப்பளம் காயவைத்திருந்தாள். வரிசைக்கு 17, மொத்தம் 13 வரிசை. எத்தனை என்று ஆச்சி கேட்டதும் பேத்தி 221 என்றாள். எப்படி என்றால், "15-ஐ 15-ஆல் பெருக்கி 4-ஐக் கழித்தேன்" என்கிறாள். அதை அவள் கையாலேயே எழுதவைத்து ஆசிரியையிடம் காட்டினேன். கூடவே ஒரே கேள்வி: "இந்த வருடம் இவள் புதிதாக என்ன கற்றுக்கொள்வாள்?" அதற்குப் பிறகுதான் பேச்சு நகர்ந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பே அதன் தேர்வை எழுதவைத்து, தேறினால் கணக்கு நேரத்தில் மட்டும் மேல்வகுப்பில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. நீங்களும் மதிப்பெண் தாளை விட்டுவிட்டு, அவள் யோசித்த தாளை எடுத்துப் போங்கள். வேகமாக வாய்ப்பாடு ஒப்பிப்பதை மட்டும் காட்டினால் மரியாதையாகச் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அதில் நியாயமும் உண்டு.

இதற்கு நாடு முழுமைக்குமான சட்டம் இங்கே கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் யாராவது சொன்னால் அது உங்களுக்கு உதவாது. டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (அந்தந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) 'கிஃப்டட்' திட்டம், அதாவது தனித்திறன் உள்ள பிள்ளைகளுக்கான திட்டம், வைத்திருக்க வேண்டும். 2023-இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு மாநிலக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்குப் பாடத்தில் பள்ளியே சேர்த்துவிட வேண்டும். ஒரு வகுப்பையே தாண்டவும் தேர்வு உண்டு. ஆனால் கணக்கோடு மொழி, அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். கணக்குக்காக என் மகளைத் தோழிகளிடமிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை, மறுவருடம் ஆசிரியை மாறியதும், அப்பளம் காயவைத்ததிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.