செட்டிநாட்டு வீட்டு ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. மேல்மாடியில் 18 அடி நீளம், 14 அடி அகலம், 15 அடி உயரத்தில் ஒரு ஹால். தரை ஆத்தங்குடி கல், சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்கு உத்திரம். 65 அங்குல டிவி வாங்கியாகிவிட்டது. ஸ்பீக்கரில்தான் குழப்பம். கடையில் டவர் ஸ்பீக்கரோடு 5.1 செட் எடுக்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை சவுண்ட்பார் போதும் என்கிறார். சீலிங்கில் பதிக்கும் ஸ்பீக்கர்தான் அழகு என்கிறாள் மகள். அப்பச்சிக்கு 78 வயது. டிவியில் பேசுவது விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். வீடு பங்காளிகளுக்கும் பொது, சுவரில் ஓட்டை போட முடியாது. ஒன்றரை லட்சத்துக்குள் எது நல்லது?

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஹால் நடுவில் நின்று ஓங்கி ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டிய சத்தம் அதோடு நிற்காது. ‘ட்ர்ர்ர்’ என்று எதிரெதிர்ச் சுவர்களில் மோதி ஓடி, மேலே உத்திரத்தில் போய் அடங்கும். அப்பச்சிக்குப் பேச்சு விளங்காததற்குப் பாதிக் காரணம் அதுதான். அவர் காது மேல் முழுப் பழியையும் போடாதீர்கள்.

நான் மைக் செட்டில் தொழில் பழகியவன். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் விடியற்காலையில் போய் ‘ஹலோ, ஹலோ’ என்று பார்த்தால் வளவு முழுக்கக் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி கேட்கும். ஒரு வார்த்தை புரியாது. முகூர்த்த நேரத்தில் ஜமுக்காளத்தை விரித்து, ஆட்கள் பட்டும் வேட்டியுமாக உட்கார்ந்த பிறகு, அதே குழாய், அதே ஆம்ப்ளிஃபயர், பேச்சு அட்சரசுத்தமாக வரும். நான் எதையும் தொட்டிருக்க மாட்டேன். துணியும் உடம்பும் சத்தத்தைக் குடித்துவிட்டன, அவ்வளவுதான்.

இதைக் கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஓசை அடங்க 5.5 விநாடி ஆனது. இன்னொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகக் கொண்டுவந்து போட்டுப் போட்டு அளந்தார். அவருடைய சூத்திரத்தில் உங்கள் ஹாலைக் காலி அறையாக வைத்துப் போட்டால் ஏறக்குறைய 4 விநாடி வருகிறது. சினிமா பார்க்கும் அறைக்கு அரை விநாடி சுற்றி இருந்தால் நல்லது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘தந்தான்’ என்பதற்கும் முதல் எழுத்தில்தான் வித்தியாசம். முந்தைய சொல்லின் வால் இன்னும் அறையில் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஒரு எழுத்து அடிபட்டுப் போகும். வயதானவர்களுக்கு உயர்ந்த சுருதி ஓசைகள் கேட்பது ஏற்கெனவே குறைந்திருக்கும், இதில் இதுவும் சேர்ந்தால் எப்படி? சத்தத்தைக் கூட்டினால் வாலும் சேர்ந்து கூடும். அதனால் லாபமில்லை.

இனி ஸ்பீக்கருக்கு வருவோம். சீலிங்கில் பதிப்பதை உடனே தள்ளிவிடலாம். உத்திரத்தை யாரும் அறுக்க விடப்போவதில்லை, பங்காளிகள் சம்மதித்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். சவுண்ட்பார் சின்ன ஃபிளாட்டுக்கு நல்ல சாமான். ஆனால் பல மாடல்கள் பக்கச் சுவரிலும் கூரையிலும் சத்தத்தை மோதவிட்டுத்தான் சுற்றொலி போலக் காட்டுகின்றன. சத்தம் மேலிருந்து வருவது போலக் காட்ட மேல்நோக்கி ஒலிக்கும் அட்மாஸ் ஸ்பீக்கருக்கு, அதை உருவாக்கிய டால்பி நிறுவனம் கேட்பது தட்டையான சீலிங், 7.5 முதல் 12 அடிக்குள், மிஞ்சிப்போனால் 14 அடி. உங்களுடையது 15 அடி, அதுவும் உத்திரமும் கட்டையுமாக. மோதிய சத்தம் சிதறித்தான் வரும். ஏற்கெனவே எதிரொலிக்கும் அறையில் எதிரொலியை நம்பிப் பிழைக்கும் கருவி எதற்கு? மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

தரையில் நெடிதாக நிற்கும் டவர் கம்பீரமானது, ஒத்துக்கொள்கிறேன். அது சத்தம் போதாத பெரிய, மெத்தென்ற அறைகளுக்கு. உங்கள் ஹால் சத்தத்தை வீணாக்குவதே இல்லை, சின்ன ஸ்பீக்கரே நிரப்பிவிடும். இன்னொரு சிக்கல், உங்கள் ஹாலின் நீளமும் உயரமும் அகலமும் நெருங்கிய அளவுகள். அதனால் அறை தானாகவே கூட்டிக்காட்டும் பேஸ் சுருதிகள் 31, 38, 40 ஹெர்ட்ஸ் என்று ஒரே இடத்தில் குவிகின்றன. பல டவர்களின் பேஸ் துளைக்குச் சுருதி கூட்டியிருப்பதும் அந்தப் பக்கம்தான். தடித்த செங்கல் சுவர் பேஸை வெளியே விடாது. மிச்சம் என்ன, குடத்துக்குள் உறுமல். டவரை டிவிக்கு இரண்டு பக்கமும்தான் வைக்க முடியும், பேஸுக்காக நகர்த்த முடியாது.

ஒரு கதை. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் டவர் வைத்துக் கொடுத்தேன். அடியில் கூர்முனை ஆணி இருக்கும், அதைத் திருகி நிறுத்தச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்தது. மறுவாரம் சரிபார்க்கப் போனபோது ஆத்தங்குடிப் பூக்கல்லில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாலு என்று எட்டு வெள்ளைப் பொட்டுகள். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. காபி கொடுத்துவிட்டு, ‘இது என் மாமியார் பார்த்துப் பார்த்துத் துடைத்த தரை’ என்று மட்டும் சொன்னார். எதை வைத்தாலும் அடியில் ரப்பர் வில்லை போடுங்கள்.

ஆக, என் தேர்வு புக்ஷெல்ஃப் எனும் சின்னப் பெட்டி ஸ்பீக்கர். பெயரைப் பார்த்து அலமாரியில் சொருகிவிடாதீர்கள், ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்த வேண்டும். உயர்ந்த ஓசையைத் தரும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சுற்றிக் குழிந்த கிண்ணம் மாதிரி வாய் வைத்த மாடலாகப் பாருங்கள். அது சத்தத்தைப் பக்கச் சுவருக்கு இறைக்காமல் உட்கார்ந்திருப்பவரை நோக்கிச் செலுத்தும். கோயில்களில் தூண் மாதிரி ஒல்லியாக நெடுக நிற்கும் ‘காலம்’ (column) ஸ்பீக்கரைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் மேலும் கீழும் சிந்தாமல் கூட்டத்தை நோக்கிப் பேசத்தான் அப்படி இருக்கிறது.

வலது, இடது, நடுவில் சென்டர், பேஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர். இந்த 3.1 போதும். பின்பக்க ஸ்பீக்கர்களை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தையும் மட்டமாக வாங்குவதைவிட மூன்றை உருப்படியாக வாங்குவது மேல். பேச்சு பெரும்பாலும் சென்டரில்தான் வரும். எனவே காசை அங்கே குறைக்காதீர்கள். படுக்கை வசத்தில், தாழ்ந்த ஓசைக்கான இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் உள்ள சென்டர்கள் நேரே உட்கார்ந்தவருக்கு நன்றாகவும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கலாகவும் கேட்கும். அப்பச்சியின் சாய்வு நாற்காலி ஓரத்தில் என்றால், நடுவிலும் அதே புக்ஷெல்ஃப் ஒன்றை நிமிர்த்தி வைப்பது உத்தமம். டிவி ஸ்டாண்டின் அறைக்குள் தள்ளாமல் முன் விளிம்பில் வைத்து, மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள்.

சப்வூஃபர் 10 அங்குலம், துளையில்லாத மூடிய பெட்டி. இந்த அறையே பேஸை ஏற்றிக்கொடுக்கும், துளை வைத்த பெட்டி வேண்டியதில்லை. வைக்கும் இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி: அப்பச்சி உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே பேஸ் உறுமாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். அப்புறம், ஹாலில் மங்குச் சாமானும் பித்தளையும் அடுக்கிய பீரோ இருந்தால் அது கூடச் சேர்ந்து தாளம் போடும். முன்னோர் படங்களின் சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் துணித் துண்டு ஒட்டுங்கள்.

அறைக்கு என்ன செய்வது? டிவிக்கும் இருக்கைக்கும் நடுவில் தடித்த கம்பளம். ஜமுக்காளம் மெல்லிசு, உயர்ந்த ஓசையை மட்டும் கொஞ்சம் குடிக்கும். இரண்டு சுவர்களுக்குக் கனமான திரை, மடிப்பு மடிப்பாக, தனியே நிற்கும் மரச்சட்டத்தில் தொங்கவிட்டால் ஓட்டை வேண்டாம். பின்சுவருக்கு உங்களிடமே மருந்து இருக்கும். கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தைகள் உங்கள் வீட்டிலும் எங்காவது அடுக்கிக் கிடக்குமே? இரண்டை வெயிலில் காயவைத்து, சட்டத்தில் நிமிர்த்திக் கட்டி, மேலே கண்டாங்கிச் சேலை போர்த்திவிடுங்கள். துணி சோஃபாவும் சேர்ந்தால் நான் போட்ட கணக்கில் 4 விநாடி ஒரு விநாடிக்குள் வந்துவிடும். இருக்கையையும் பின்சுவரிலிருந்து நகர்த்தி, டிவிக்கு 9 அடியில் போடுங்கள்.

பணத்தை மூன்று பங்காக்குங்கள். ஒன்று டிவி சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரான ரிசீவருக்கு, ஒன்று முன்னால் நிற்கும் மூன்றுக்கு, மிச்சம் சப்வூஃபருக்கும் துணிமணிக்கும். அட்டையில் பி.எம்.பி.ஓ. (ஒரு கண நேர உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம், தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணைக் கேளுங்கள். சத்தம் 3 டெசிபல் கூடுவதற்கே வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும் என்பதால் 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரிசீவரில் மூன்று ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புங்கள். சென்டரை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். இரண்டு சேனலில் வரும் சீரியல்களுக்கு ‘டால்பி சரவுண்ட்’ போட்டால் பேச்சு நடுவுக்கு வந்துவிடும்.

வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேல்மாடி பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய வயரிங்கில் அது இல்லாத வீடுகள் நிறைய, சப்வூஃபர் 50 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். கடை டெமோ அறையில் கம்பளமும் மெத்தென்ற சுவரும் இருக்கும், அங்கே எதுவும் நன்றாகத்தான் கேட்கும். ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் சண்டைப் படம் போடாமல் செய்தி போடுங்கள். அப்பச்சி ரிமோட்டைத் தேடாமல் உட்கார்ந்திருந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.